வாரம் 150 ரூபாயில் நுவரெலியா

கிளிநொச்சியில் எமது மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில், 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான் ஒரு கேள்வி கேட்டேன். "நீங்கள் இதுவரை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறீர்கள்?" கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. புதுக்குடியிருப்பு, மாத்தளன், செட்டிகுளம் முகாம், வவுனியா வைத்தியசாலை, அநுராதபுரம் சிறைச்சாலை, பூசா, கொழும்பு நாலாம் மாடி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஓடிய இடங்கள், அல்லது யாரையாவது தேடிப்போன இடங்கள். "சும்மா பார்க்க எண்டு போனது?" என்று மீண்டும் கேட்டேன். சற்று நேரம் கழித்து ஒருவர் மட்டும் "நல்லூர்த் திருவிழா" என்றார்.

அன்றுதான் இந்தப் பயணத்துக்கான உண்டியல் தொடங்கியது. கடனும் இல்லை, எந்த நிறுவனத்தின் உதவியும் இல்லை. 11 பெண்கள், ஆளுக்கு வாரம் 150 ரூபாய், 50 வாரங்கள். முட்டை விற்ற காசு, தையல் காசு, வயல் கூலி. முடிவில் ஒருவருக்கு 7,500 ரூபாய் சேர்ந்தது. எங்கே போவது என்பதற்கு வாக்கெடுப்பு வைத்தோம். கொழும்பை விட நுவரெலியாவுக்கு இரண்டு வாக்குகள் அதிகம். "குளிர் எண்டால் என்னெண்டு ஒருக்காப் பார்ப்பம்" என்பதுதான் பலர் சொன்ன காரணம்.

எனக்கோ உள்ளூரச் சங்கடம். நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். வேலை கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நுவரெலியா எங்கள் மாவட்டத்தின் தலைநகர். ஆனாலும் சிறுவயதில் அங்கு நாங்கள் போனது பெரியாஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும்தான். வாவிக்கரையில் நின்று ஒரு படம்கூட எடுத்ததில்லை. வழிகாட்டியாகப் போகிறவளுக்கே அது புது ஊர் என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் தருமபுரத்து அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதி. மூலப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்து, 2011 இல் எடுத்த பிரதி. பிறந்த இடம் என்ற பகுதியில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயர் இருந்தது.

"தங்கச்சி, நான் பிறந்தது அங்கதான். ரெண்டு வயசில அம்மா தூக்கிக்கொண்டு வந்தவ. அந்த இடத்தை ஒருக்காக் காட்டுவியளோ?"

இது அவர் ஒருவருடைய கதையன்று. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் கைமாறின. பலருக்கு வேலை போனது, வேலை இருந்தவர்களுக்கு மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லை. 1977 தேர்தலுக்குப் பின் ஓகஸ்டில் வன்செயல். அப்போது மலையை விட்டு இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. வன்னியில் காடு வெட்டிக் கொட்டில் போட்டவர்களில் பலர் அவர்கள்தான். 2009 இல் மீண்டும் எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களும் அவர்கள்தான். அக்காவின் அம்மா செட்டிகுளம் முகாமில் கண்ணை மூடினார்.

அக்காவிடம் உடனே "ஓம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூங்காவும் வாவியும் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய், லயத்தை எப்படிக் காட்டுவது? உண்மையைச் சொன்னால், அது எனக்கு வெட்கமாக இருந்தது. "நேரம் இருந்தால் பார்ப்பம் அக்கா" என்று மழுப்பிவிட்டேன்.

தங்குமிடம் தேடியதில் ஒரு கசப்பு. தொலைபேசியில் பேசிய இரண்டு விடுதிகளில், "பன்னிரண்டு பொம்பளைகளா? ஆம்பிளைத் துணை ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். எங்களில் எட்டுப் பேர் குடும்பத் தலைவிகள். ஆம்பிளைத் துணைக்கு எங்கே போவது? கடைசியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியொன்றில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய்க்கு இடம் கிடைத்தது. சுடுதண்ணீரும் இரண்டு கம்பளியும் அதற்குள் அடக்கம். இப்படிப்பட்ட விடுதிகள் விளம்பரம் செய்வதில்லை. தெரிந்தவர் மூலம் கேட்டுப்பாருங்கள். ஏப்ரல் மாதம் மட்டும் வேண்டாம். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று அப்போது அங்கே எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடும்.

2025 பெப்ரவரி 13 ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கண்டி பஸ்ஸில் ஏறினோம். 20 ஆம் திகதிக்கு முன்னர் திரும்பிவிட வேண்டும் என்பது எங்களில் ஒருவரின் நிபந்தனை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி. அவர் அந்த முதல் நாளிலிருந்து போகிறவர்.

ஏ9 வீதி நமக்கெல்லாம் தெரியும். அது மூடியதும் திறந்ததும் நம் வாழ்க்கையோடு சேர்ந்த கணக்கு. அந்த வீதி கண்டியில் தொடங்குகிறது என்பது அன்றைக்குத்தான் சிலருக்குத் தெரியவந்தது. விடியும் முன்னரே கண்டியில் இறங்கி, பஸ் நிலையத்தில் முகம் கழுவி, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டு, காலையில் 'பொடி மெனிக்கே' புகையிரதத்தில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம்.

இந்த மலைப் பாதையைப் பார்ப்பதற்கென்றே உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம் நாட்டவருக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு மலிவு. யன்னலுக்கு வெளியே தெரிவது எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்கும். வட்டவளையில் காற்று மாறும். ஹட்டனில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் மூட்டைகளுடன் இறங்குவார்கள், அது டிசம்பரிலிருந்து மே வரை உள்ள யாத்திரைக் காலம். 1880களில், நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள நானுஓயா வரை தண்டவாளம் போட்டது கோப்பியையும் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. ஆட்கள் அழகு பார்ப்பதற்காக அல்ல.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. இந்தப் பாதையில் நீளமான சுரங்கம் அதுதான். உள்ளே புகுந்ததும் பெட்டியில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் வழக்கம்போல் கூச்சலிட்டார்கள். எங்கள் ஆட்கள் சத்தமே போடவில்லை. பக்கத்தில் இருந்த பாரதிபுரத்துத் தங்கச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்த பிறகு, "பங்கருக்குள்ள இருந்த மாதிரிக் கிடந்தது அக்கா" என்றாள். சுரங்கம் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. உங்களில் யாராவது ஒரு குழுவைக் கூட்டிப்போனால் அதைச் சொல்லிவிடுங்கள்.

நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா நகரத்துக்கு பஸ் இருக்கிறது. வாகனக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பஸ் இல்லை என்பார்கள். நம்பவேண்டாம், வீதிக்கு வந்து நில்லுங்கள்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகல மலை மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நாட்டிலேயே உயர்ந்த மலை அது. 'சின்ன இங்கிலாந்து' என்பது ஊரின் பட்டப்பெயர். வெள்ளைக்காரத் துரைமார் தம் ஊர் நினைவுக்குக் கட்டிவைத்த ஊர். அவர்களுக்கும் ஊர் நினைவு வாட்டியிருக்கிறது! 1894 இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர் இன்றும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுக்க யாரும் காசு கேட்பதில்லை. நாங்கள் உள்ளே போய் ஆளுக்கொரு முத்திரை வாங்கி, நமக்கு நாமே கிளிநொச்சி முகவரிக்குக் கடிதம் போட்டோம். இருவர் தம் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். போராட்டத்துக்குப் போகும் அக்கா, காணாமல் போன தன் மகனின் பெயருக்கு வீட்டு முகவரியில் போட்டார். அதை நாங்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கிரகறி வாவி 1873 இல் ஆளுநர் கிரகறியின் காலத்தில் உண்டாக்கப்பட்டது. படகு, குதிரைச் சவாரி எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால், அந்தக் காசுக்கு வாவியோரம் நடந்து, சுடச்சுடச் சோளப்பொத்தி வாங்கித் தின்பது மேல். விக்டோரியா பூங்கா நகரின் நடுவில் இருக்கிறது, உள்நாட்டவருக்கு அனுமதிச் சீட்டு விலை குறைவு. நாங்கள் அங்கே இரண்டு மணித்தியாலம் ஒன்றுமே செய்யாமல் புல்லில் இருந்தோம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு என்று காசு கொடுத்து நாங்கள் போன முதலிடம் அதுவாகத்தான் இருக்கும்.

சந்தை ஒரு தனி உலகம். லீக்ஸ், கரட், கோவா, பீட்றூட் எல்லாம் மண்ணோடு குவிந்து கிடக்கும். கிளிநொச்சி விலையோடு ஒப்பிட்டு எங்கள் பெண்கள் அங்கேயே ஒரு மாநாடு கூட்டிவிட்டார்கள். பக்கத்தில் குளிராடைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பேரம் பேசலாம். தமிழில் பேசலாம் என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். சிங்களம் தெரியாது என்று பயந்து வந்தவர்கள் மறுநாள் தனியாகவே கடைக்குப் போனார்கள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1861 இல் அது சிங்கோனா வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம். மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் அந்த மரப்பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள். வன்னிக் காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பரம்பரைக்கு அந்த மரத்தின் கதை சொன்னால் விளங்குகிறது. றோசாத் தோட்டத்தைவிட அந்தக் கதையைத்தான் அதிகம் கேட்டார்கள்.

திரும்பும் வழியில் சீத்தாஎலியவில் சீதை அம்மன் கோயில். வீதியோரமாகவே இருக்கிறது, ஆறு ஒன்று கூட ஓடுகிறது. 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்து வர்ணங்கள் புதிதாக இருந்தன. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. கோயிலில் நாங்கள் அர்ச்சனை செய்துவிட்டு ஆற்றங்கரையில் நின்றோம். மகனுக்குக் கடிதம் போட்ட அக்கா தண்ணீரைப் பார்த்தபடி, "சீதையையாவது தேடிக்கொண்டு ஒருத்தன் வந்தான்" என்றார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. சமூகப் பணிப் பயிற்சியில் எனக்கு ஆற்றுப்படுத்தல் பற்றியெல்லாம் கற்பித்திருக்கிறார்கள். அந்த நேரம் ஒன்றும் உதவவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே, "வாங்கோ, பஸ் போயிடும்" என்றார்.

அன்று இரவு கம்பளிக்குள் இருந்தபடி கணக்குப் பார்த்தோம். தருமபுரத்து அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழை மட்டும் பையிலிருந்து எடுத்து, மடிப்பு நீவி, திரும்ப வைத்தார். "நாளைக்கு லிந்துலைக்குப் போறம்" என்று நானே அறிவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டன் பஸ். என் சித்தப்பா மகன் லிந்துலையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் மூன்று வண்டிகளில் எங்களை ஏற்றி, தேயிலை மலைகளுக்கு நடுவே மேல் டிவிசனுக்குக் கொண்டுபோனார்கள். அக்காவுக்கு அம்மா சொல்லிவைத்த அடையாளம் இரண்டு. லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில். லயத்துக்கு எதிரே பீலி. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக எந்நேரமும் கொட்டும் தண்ணீரைத்தான் எங்கள் ஊரில் பீலி என்போம். குளிப்பதும் துவைப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான்.

ஞாயிறு ஆதலால் பெண்கள் வீட்டில் நின்றார்கள். பன்னிரண்டு பேர் இறங்கியதைக் கண்டதும் யாரோ அதிகாரிகள் என்று நினைத்துப் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். நான் பயந்த எல்லாமும் அங்கே இருந்தன. வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், தகரக் கூரையில் கற்கள், ஸ்தோப்பில் விறகுக் கட்டு, புகை படிந்த சுவர். கிளிநொச்சிப் பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர் மெதுவாக, "செட்டிகுளத்துக் கொட்டில் மாதிரித்தான். அங்க நாங்கள் சில மாசம். இவையள் எத்தினை வருசம்?" என்றார். இருநூறு வருட வரலாற்றை 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள் என்று நான் சொன்னேன். அவர் திரும்பவும் கூரையைப் பார்த்தார்.

எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி வெளியே வந்து, "யாரு ஆத்தா நீங்கள்லாம்? ஏன் வெளியவே நிக்கிறீங்க, உள்ள வாங்க புள்ள" என்றார். அக்கா தன் தாய் தகப்பன் பெயரைச் சொன்னார். ஆச்சி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "வன்னிக்குப் போனவங்க எத்தனையோ பேரு தாயி. ஒரே ராத்திரியில ஏழு வீடு பூட்டிக் கெடந்துச்சு. யாரு பேருன்னு இப்ப ஞாபகம் வரலியே" என்றார். பொய்யாக "ஆமா, தெரியும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாதது எனக்கு மரியாதையாகப் பட்டது.

எந்தக் காம்பரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய லயங்களில் ஒன்று இடித்து எடுக்கப்பட்டிருந்தது, அதுவாகவும் இருக்கலாம். ஆனால் பீலி இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், கையேந்திக் குடித்தார், முகத்தில் அடித்தார், பிறகு அப்படியே சேலையோடு தலையைக் கொடுத்தார். பெப்ரவரிக் குளிரில்! "காய்ச்சல் வரும் அக்கா" என்று நாங்கள் கத்தினோம். "அம்மா சொன்ன குளிர் இதுதான்" என்று நடுங்கிக்கொண்டே சிரித்தார். ஆச்சியின் பேத்தி துவாய் கொண்டுவந்தாள், தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்தன. கொழுந்து எடுக்கும் அந்தப் பெண்ணிடம் எங்கள் ஆட்கள் சம்பளம் விசாரித்தார்கள். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த நாட்கூலி 1,350 ரூபாய். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அதுவும் முழுதாகக் கைக்கு வராது என்றாள். வயல் கூலிக்குப் போகும் எங்கள் பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் யாரை எதற்குக் காட்ட வெட்கப்பட்டேன் என்று எனக்கே புரியவில்லை.

புறப்படும்போது ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து ஆச்சியின் கையில் வைத்தோம். வாங்க மறுத்து, பின் வாங்கிக்கொண்டார். அக்கா ஒரு போத்தலில் பீலித் தண்ணீர் நிறைத்துக்கொண்டார்.

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வீதியில் முதலில் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும், சற்றுத் தள்ளி 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியும் தெரியும். இரண்டையும் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம், செலவில்லை. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் ஆற்று நீரை மேலேயே திருப்பிவிடுகிறது. சென் கிளயரில் பகலில் தண்ணீர் விடுவது என்று ஏற்பாடு. எனவே மாலைக்குமுன் போய்விடுங்கள். டெவன் என்ற பெயர் எங்கள் ஊரில் நீர்வீழ்ச்சிக்கு மட்டும் உரியதல்ல. 1977 மே மாதம், தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பறிப்பதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுற்றுலாப் பலகையில் இது இருக்காது. பஸ்ஸில் இதைச் சொன்னபோது தருமபுரத்து அக்கா, "எங்கட அம்மா அந்தப் பேர் சொல்லுறவ. ஆர் எண்டு இப்பத்தான் தெரியுது" என்றார்.

ஹட்டனில் என் அம்மா பன்னிரண்டு பேருக்கும் சோறு போட்டார். பிறகு கண்டிக்கு பஸ், அங்கிருந்து இரவு பஸ், திங்கட்கிழமை விடியக் கிளிநொச்சி.

செலவு கேட்பீர்கள். அந்த நேரத்து விலையில் ஒருவருக்கு, ஆச்சிக்குக் கொடுத்தது உட்படப் போக்குவரத்து 3,200 ரூபாய், தங்குமிடம் 2,000, சாப்பாடு 1,500, நுழைவுச் சீட்டு, முத்திரை, அர்ச்சனை எல்லாம் 400. மிச்சம் 400 ரூபாயில் சிலர் தேயிலைத் தூள் வாங்கினார்கள், இருவர் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து கொழும்பு என்று முடிவாகி உண்டியல் மீண்டும் நிறையத் தொடங்கியது. 40 வாரங்களில் 66,000 ரூபாய் இருந்தபோது, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் மண்சரிவு, புகையிரதப் பாதை பல இடங்களில் அள்ளுண்டு போனது. இப்போது போக நினைப்பவர்கள் எதுவரை வண்டி ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்துவிட்டே புறப்படுங்கள். ஆச்சியின் பேத்தி தொலைபேசியில் பேசினாள். பீலிக்கு மேலே மண் இறங்கி, லயத்து ஆட்கள் பாடசாலையில் தங்கியிருப்பதாகச் சொன்னாள்.

எமது கூட்டத்தில் சண்டையே வந்தது. உண்டியலை அப்படியே அனுப்புவோம் என்றார் ஒருவர். "எங்கட வீட்டுக்குள்ளயும்தானே வெள்ளம்" என்றார் இன்னொருவர். அதுவும் உண்மை, வன்னியிலும் அந்தக் கிழமை பல வீடுகளுக்குள் தண்ணீர். இரண்டு மணித்தியாலம் பேசி, ஆளுக்கு 1,000 ரூபாய் என்று தீர்மானித்தோம். தருமபுரத்து அக்கா 2,000 கொடுத்தார். மொத்தம் 12,000 ரூபாய் பேத்தியின் கணக்குக்குப் போனது. கொழும்புப் பயணம் சில வாரங்கள் தள்ளிப்போனது.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும், 150 ரூபாயை மேசையில் வைக்கும்போது அக்கா என்னிடம் கேட்பது ஒன்றுதான்.

"தங்கச்சி, நானுஓயாவுக்கு றெயில் ஓடத் தொடங்கீட்டுதோ?"